ஓசையும் அளவையும்

தருக்க நூலார் கருதலளவைக்கு எடுத்துக்காட்டுக் கூறப்புகும்போதெல்லாம் மலையிலே எழும் புகையையும் அதனாற் பெறப்படும் நெருப்பையுமே காட்டுவர். இரண்டாம் வருடத்திலே சிவஞானசித்தியாரின் அளவை இலக்கணத்தைப் பாடமாகக் கற்ற நாட்களில் இவ்வெடுத்துக்காட்டு எனக்குச் சலிப்பையே தந்தது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டென்பதை அறிவதற்கு ஒரு நூலும் அதற்கு உரைகளும் எதற்கு என்று விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எண்ணிக்கொள்வேன். அவ்வாண்டு, 2023இல், விடுமுறைக்கு ஊர் சென்று எங்கள் பழைய காரில் எழுந்த ஓர் ஓசையின் காரணத்தைத் தேடி மூன்று கிழமைகள் அலைந்த பின்னரே, புகை ஓரிடத்திலும் நெருப்பு வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதும், புகை அடங்கியதனால் நெருப்பு அவிந்ததெனக் கொள்ளுதல் பெரும் பிழை என்பதும் எனக்கு விளங்கின.

அக்கார் ஒரு மொறிஸ் மைனர். அப்பப்பா அதனை வாங்கும்போதே அது பழைய வண்டி. இவ்வினக் கார்கள் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1970களின் தொடக்கம்வரை செய்யப்பட்டன. ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உற்பத்தியாகின என்பர். இதனை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பின்னாளில் மினி காரையும் வரைந்து பெரும்புகழ் பெற்றார். தன் தாய்நாட்டிலே சிறு குடும்பமொன்று ஞாயிற்றுக்கிழமை உலாப்போவதற்கு ஏற்றதாயிருந்த இவ்வண்டி, யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் கல்யாணவீட்டுப் பலகாரப் பெட்டிகளையும், ஆசுபத்திரிக்குப் போகும் நோயாளியையும், அவருக்குத் துணையாகச் செல்லும் நால்வரையும் ஒருங்கே சுமக்கும் பார ஊர்தியாக மாறிற்று. 1970க்கும் 1977க்கும் இடையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய வண்டிகளைப் பேணும் பழக்கத்தை எம்மவரிடையே ஆழ வேரூன்றச் செய்தன. 1990இலிருந்து 1995வரை குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயிலே ஓடியவை இத்தகைய முதிய கார்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை இவற்றுக்கு மறுபடியும் ஒரு மவுசு இருந்தது.

எங்கள் கார் மவுசுக்காக நின்ற கார் அன்று. அப்பா காலையில் ஐந்து சிறுவர்களைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வார். பகலில் மந்திகை ஆசுபத்திரிக்குக் கிளினிக் செல்லும் முதியோரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவார். என் பல்கலைக்கழகச் செலவின் பெரும்பகுதி அந்த நான்கு சில்லுகளின் மேலேயே உருண்டுகொண்டிருந்தது.

காரின் உடலுக்கும் சில்லுகளுக்கும் இடையிலுள்ள உறுப்புத் தொகுதியை ஆங்கிலத்தில் சஸ்பென்சன் என்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தொங்கல்' என்றாகும். பாரம் முழுவதையும் தாங்கி நிற்பதற்குத் தொங்கல் என்று பெயரிடுவது முரணாகத் தோன்றலாம். மொறிஸ் மைனரின் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கோ அது முரணாகத் தோன்றாது. பின்பக்கத்தில் இருப்பவை பழைய வில்லுவண்டியிற் போன்ற தட்டுவிற்கள். முன்பக்கத்தில் வில் எனக் காணத்தக்கது எதுவுமில்லை. சில்லைப் பற்றிய கீழ்க்கையிலிருந்து நீண்ட உருக்குத் தண்டொன்று வண்டியின் நீளப்பாட்டிலே பின்னோக்கிச் செல்கிறது. சில்லு மேலெழும்போது அத்தண்டு முறுக்குண்ணும். முறுக்கவிழ முயலும்போது சில்லைக் கீழே தள்ளும். துள்ளலைத் தணிக்கும் சொக்கப்சோபரின் கையே மேற்கையாகவும் பயன்படுகிறது. மேற்கைக்கும் கீழ்க்கைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்பது கிங் பின் எனப்படும் முளை. அதன் இரு முனைகளிலும் திருகாணிக்குரிய புரிகள் வெட்டப்பட்டுள்ளன. புரிகளை ஏற்றுக்கொள்ளும் மூட்டுகளை ரனியன் என்பர். நாம் ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் அம்முளை தன் மூட்டுகளுக்குள் ஒரு திருகாணிபோல் சிறிதே ஏறி இறங்குகிறது.

இங்குதான் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். நிலம் சில்லை மேலே தள்ள, முறுக்குத் தண்டு கீழ்க்கையைக் கீழே தள்ளுகிறது. ஆகவே முளையானது கீழ் மூட்டினுள் அமுங்கி நிற்கவில்லை. அதிலிருந்து பிடுங்கப்படும் நிலையிலேயே எப்போதும் நிற்கிறது. அம்மூலையின் பாரம் அவ்வளவும் கீழ்ப்புரியின் சில பற்களில் தொங்குகிறது. கிறீஸ் வற்றினால் பற்கள் தேயும்; தேய்ந்து முடிந்தால் முளை கழன்று, சில்லு மடிந்து விழுந்து, வண்டி மூக்கை நிலத்தில் ஊன்றும். மொறிஸ் மைனர் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த குறை இது. அப்பா ஆயிரம் மைலுக்கொருமுறை கிறீஸ் அடிக்கத் தவறாதவர். கிறீஸ் கிடையாத தடைக்காலத்தில் கழிவெண்ணெயைத் துணியில் நனைத்துச் சுற்றி வைத்ததாகக் கூறுவார். இவ்வளவும் அறிந்திருந்தும் நாங்கள் அதனைக் காணவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

நான் ஊர் சென்ற மறுநாள், நெல்லியடிச் சந்தைக்குப் போகும் வழியில் முதன்முதலாக அந்த ஓசையைக் கேட்டேன். ஒழுங்கையின் பள்ளமொன்றில் இடப்பக்கச் சில்லு இறங்கி ஏறியபோது 'டொக்' என்று ஒருமுறை. அப்பாவிடம் கூறியபோது, டிக்கியில் ஏதாவது உருளும் என்றார். வண்டியில் ஓசை கேட்டால் முதலில் டிக்கியை வெறுமையாக்கவேண்டும் என்பது அவருடைய முதல் விதி. அது நல்ல விதியே. திறந்து பார்த்தபோது அம்மா மூன்று நாட்களுக்கு முன்னர் எடுக்க மறந்த இரண்டு தேங்காய்கள் அங்கே கிடந்தன. அவற்றை எடுத்து வீட்டில் வைத்தோம். அன்று மாலை சம்பல் நன்றாயிருந்தது. ஓசை அப்படியே இருந்தது.

ஓசைகளை வகைப்படுத்தி அறியும் கலையை எனக்குச் சிறுவயதிற் கற்பித்தவர் அப்பாதான். மேடு பள்ளங்களில் கிறீச்சிட்டால் தட்டுவிற்களின் இடையே துரு ஏறியிருக்கும், அல்லது றப்பர் புஷ் காய்ந்திருக்கும். ஐயமிருப்பின் அந்த றப்பரில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும், சிறிது நேரம் ஓசை நின்றால் நோய் அங்கேதான். அதற்காக றப்பருக்கு எண்ணெய் பூசக்கூடாது. எண்ணெய் அதனை ஊதச் செய்து கெடுத்துவிடும். பிறேக் பிடிக்கும்போது ஒருமுறையும் மீண்டும் புறப்படும்போது ஒருமுறையும் இடித்தால், கீழ்க்கையின் உள்முனையிலுள்ள புஷ்ஷோ, அக்கையை முன்னோக்கிப் பிடித்திருக்கும் தண்டின் றப்பரோ தளர்ந்திருக்கும். வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் சில்லின் பேரிங்குக்குரியது. வலப்புறம் திரும்புகையில் பாரம் இடப்பக்கம் சாய்வதனால், அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கையே பார்க்கவேண்டும். சிறு சிறு மடிப்புகளில் கடகடத்தால் சொக்கப்சோபரைப் பிடித்திருக்கும் போல்ற்றுகள் இளகியிருக்கும். சொக்கப்சோபரில் எண்ணெய் வற்றியிருந்தாலோ பெரும்பாலும் ஓசையே இராது. பம்பரை அமத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நிற்கவேண்டிய வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். இவற்றையெல்லாம் அவர் ஓட்டிக்கொண்டே சொல்லுவார். வேறு வண்டியொன்று எம்மைக் கடந்து சென்றாலும் அதன் நோயைச் சொல்லுவார். எங்கள் ஊரில் இதற்காகவே அவரிடம் கார்களைக் கொண்டுவந்து காட்டியவர்கள் இருந்தனர்.

ஆயினும் இந்த ஓசையைப் பற்றி அவர் கூறியது ஒன்றே.

"அது வலப்பக்கம். சொக்கப்சோபர்தான்."

"இல்லை அப்பா, இடப்பக்க முன்சில்லு."

"முப்பது வருசமா ஓடுறன், பிள்ளை."

வலப்பக்கத்துச் சொக்கப்சோபர் அவ்வாண்டிலேயே ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. வலப்பக்கத்துப் புஷ்களும் மாற்றப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் உதிரிப் பாகங்களின் விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்ற காலம் அது. இரண்டையும் மாற்றிய கராச்சிலே, ஓசை நிற்கவில்லையே என்று கேட்டபோது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று விடை கிடைத்ததாம். இதைவிட எளிதான விடை உலகில் இல்லை. நாம் பல விடயங்களுக்கு இவ்விடையைப் பயன்படுத்துகிறோம்.

ஓர் ஓசையைத் தனியே கேட்பதற்கு எங்கள் பகுதியில் வல்லை வெளியை விஞ்சிய இடமில்லை. பருத்தித்துறை வீதியிலே வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரித்துக் கிடக்கும் அவ்வெளியில் வீடில்லை, மதிலில்லை, மரமுமில்லை; நீரும் உவர்நிலமும் காற்றுமே உண்டு. காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில் இயந்திரத்தை நிறுத்தி வண்டியை உருளவிட்டால், ரயரிற் சிக்கிய சிறு கல் வீதியில் தட்டுவதுகூடக் கேட்கும். ஆனால் அங்கே வீதி செப்பனிடப்பட்டு வழுவழுப்பாயிருந்தமையால் ஓசையே எழவில்லை. ஓசை எழும் இடமோ மதில்களுக்கிடையேயுள்ள எங்கள் ஒழுங்கை. அங்கே ஒரு பயன் இருந்தது. இடப்பக்க மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கி மெல்ல ஓட்டினால் அப்பக்கத்து ஓசை மதிலில் மோதி உரத்துத் திரும்பும். திரும்பியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்பாவின் செவியை நான் எப்போதும் ஐயுற்றதில்லை. சித்தியாரும் உரைகாரரும் காட்சியளவையின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் கூறுவர். கயிறோ பாம்போ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. ஐயமுடையவனுக்கு மருந்து கொடுக்கலாம். திரிபுடையவன் தான் நோயாளியென்றே அறியான். அப்பா ஐயத்தோடு பேசவில்லை. நானும் அவ்வாறே துணிந்திருந்தேன். எனவே எங்கள் இருவரில் ஒருவருக்குத் திரிபு. அது யாருக்கென்று சோதித்தறியாமல் வாதிடுவதில் பயனில்லை.

மறுநாள் காரின் பின்னாசனத்தில் வலப்பக்கமாக அமர்ந்து, இடக்காதைப் பஞ்சினாலும் விரலினாலும் அடைத்துக்கொண்டேன். பள்ளம் வந்தது. ஓசை வலப்பக்கத்திலிருந்து, அப்பாவின் கதவுக்கு அருகிலிருந்து, ஐயத்துக்கிடமின்றி எழுந்தது.

விரலை எடுத்தேன். அடுத்த பள்ளத்தில் அது இடப்பக்கம் சென்றுவிட்டது.

ஓசை வரும் திசையை நாம் அறிவது இரு காதுகளையும் கொண்டே. ஒருபக்கத்து ஓசை அப்பக்கக் காதை ஒரு நொடியின் மிகச்சிறு கூறு முந்தி அடைகிறது. சற்று உரத்தும் ஒலிக்கிறது. இச்சிறு வேற்றுமையை ஒப்பிட்டே மூளை திசையைத் துணிகிறது. ஒரு காது மந்தமானால் ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருளில்லை. கேட்பதெல்லாம் நல்ல காதின் பக்கத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். 1987 மேயில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய நாட்களில் எங்கள் வீட்டு மதிலருகே ஓர் எறிகணை வீழ்ந்தது என்றும், அப்பாவுக்கு அன்று முதல் இடக்காது 'கொஞ்சம் மந்தம்' என்றும் அப்பம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பா அதனை ஒருபோதும் சொன்னதில்லை. எங்கள் நாட்டில் சாரதிக்கு வலப்பக்க ஆசனம். எனவே அவருடைய மந்தமான காது எப்போதும் வண்டியின் உட்பக்கத்தையும் இடப்பக்கச் சில்லுகளையும் நோக்கியே இருந்தது. முன்னாளில் இயந்திரத்தின் உறுமலுக்கும் வில்லின் கிறீச்சுக்கும் இது பெருந்தடையாகவில்லை. வயது ஏறி வலக்காதும் தளரத் தொடங்கிய பின்னரே இக்குறை முழு உருவம் பெற்றிருக்கவேண்டும்.

இதனை அவரிடம் எவ்வாறு சொல்வது? நான் சொன்ன முறை நன்றாக இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பஞ்சு வைத்துப் பார்த்த கதையை இரவுச் சாப்பாட்டின்போது ஓர் ஆய்வு முடிவை அறிவிப்பவள்போலக் கூறினேன்.

"அப்ப எனக்குக் காது கேளாதெண்டு சொல்லுறியோ?"

அம்மா சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. முப்பது வருடங்களாக அவருடைய பிழைப்பும் ஊரில் அவருக்கிருந்த மதிப்பும் அந்தக் காதில் தங்கியிருந்தன என்பதை, கேள்வி எழுந்த பின்னரே நான் எண்ணிப் பார்த்தேன்.

எனினும் மறுநாள் அவர் காரைக் கராச்சுக்குக் கொண்டுசென்று இடப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். அங்கே வேலைசெய்த இளைஞர் வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஜக் வைத்துத் தூக்கி, தொங்கிய சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பெரிதாக ஆட்டமில்லை. கிறீஸ் கன்னால் மேல் கீழ் நிப்பிள்களில் தடித்த கிறீஸை நிரப்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் ஓசை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது, நான் வெட்கிப்போனேன். அவரை வீணாக நோகடித்து விட்டேனே என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. ஐந்து பிள்ளைகளும் அந்த மூன்று நாட்களும் அக்காரில் ஏறிப் பாடசாலைக்குச் சென்று வந்தனர். இதனை இப்போது எழுதுகையிலும் என் கை குளிர்கிறது.

நான்காம் நாள் ஓசை திரும்பவில்லை; ஸ்ரியறிங்கிலே ஓர் இறுக்கம் வந்தது. இடப்புறம் முழுதாகத் திருப்பும்போது ஏதோ மணலை அரைப்பதுபோல் இருப்பதாக அப்பாவே கூறினார். ஓசையைத் தவறவிட்ட அவருடைய கை அதனைத் தவறவிடவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கரவெட்டியில் கராச் நடத்தி முதுமையினால் அதனை மூடிவிட்ட ஒருவரிடம் சென்றேன். அப்பாவுக்கே மூத்தவர். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் கூறியவற்றை முழுவதும் கேட்டுவிட்டு, எங்கே ஜக் வைத்தார்கள் என்று மட்டும் கேட்டார். அடிச்சட்டத்துக்கு என்றேன்.

"அப்பிடித் தூக்கிப் பாத்தா ஒண்டும் தெரியாது, பிள்ளை. அந்தரத்திலை தொங்கேக்கை எல்லாம் இறுக்கமாத்தான் நிக்கும். கீழ்க்கைக்கு ஜக்கை வை. அலவாங்காலை சில்லை மேலை நெம்பு. அப்ப தெரியும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் இதன் காரணத்தை எண்ணிப்பார்த்தேன். வண்டியை அடிச்சட்டத்தில் தூக்கினால் சில்லு கீழே தொங்கும். ஆனால் முறுக்குத் தண்டு கீழ்க்கையைத் தொடர்ந்து கீழே தள்ளிக்கொண்டேயிருக்கும். மேற்கை ஓர் எல்லைக்கு மேல் இறங்க முடியாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே முளை இழுபட்டு இறுகி நிற்கும். புரி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. கீழ்க்கைக்கே ஜக் வைத்துத் தண்டின் தள்ளுதலை அந்த ஜக் ஏற்றுக்கொள்ளும்படி செய்தால், முளை தளர்ந்து சில்லின் சொந்தப் பாரத்தால் மூட்டினுள் இறங்கும். அப்போது நெம்பினால் தேய்ந்த அளவுக்கு அது மேலெழும். இளைஞர் சோம்பலால் விட்டுவிடவில்லை. அவர் பார்த்த முறையில் அந்நோய் கண்ணுக்கு எட்டாதது. தடித்த கிறீஸோ தேய்மானத்தின் இடைவெளியை நிரப்பி, இருந்த ஒரே சாட்சியையும் வாய்மூடச் செய்துவிட்டது.

அன்று பின்னேரம் முற்றத்தில் காரை நிறுத்திப் பின்சில்லுகளுக்குக் கல் வைத்தோம். அடிச்சட்டத்தின் கீழே, வழுக்கினாலும் வண்டி எம்மேல் இறங்காதவாறு, தென்னங்குற்றிகளை அடுக்கினோம். அப்பா பேசாமலே ஜக்கைக் கீழ்க்கையின் கீழ் வைத்து உயர்த்தினார். சில்லு நிலத்தை விட்டு இரண்டு விரலளவு எழுந்தது. முதலில் சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடிற்று. ஆனால் சில்லின் பேரிங் தளர்ந்தாலும் இவ்வாறே ஆடும். அம்மாவை அழைத்துப் பிறேக்கை மிதித்திருக்கச் சொன்னோம். பிறேக் பிடித்தால் சில்லும் அச்சும் ஒன்றாக இறுகுமாதலால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடவேண்டும். மறையவில்லை. காரணம் நீங்கக் காரியம் நீங்குகிறதா என்று பார்க்கும் இம்முறையைத் தருக்க நூலார் வெதிரேகம் என்பர். பரீட்சையில் இதனை வரைவிலக்கணத்தோடு எழுதி நல்ல புள்ளியும் பெற்றிருந்தேன். அதன் பொருளை அன்றுதான் அம்மாவின் பாதம் எனக்குக் கற்பித்தது.

பின்னர் அலவாங்கைச் சில்லின் கீழே கொடுத்து நெம்பினேன். மெல்லிய 'டொக்' என்ற ஓசை. மீண்டும் இறக்கினேன், மீண்டும் 'டொக்'. அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அது கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றும் கூறாமல், அவர் கையைப் பிடித்து, கீழ் மூட்டும் முளையும் சேரும் இடத்தில் அவருடைய இரண்டு விரல்களை வைத்துவிட்டு மறுபடி நெம்பினேன்.

அவர் விரல்களை எடுக்கவில்லை. "இன்னொருக்கா" என்றார். நெம்பினேன். "இன்னொருக்கா." நெம்பினேன். நான்காம் முறை நான் நெம்புவதற்கு முன்னரே கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிள்ளையளின்ரை வீடுகளுக்குச் சொல்லவேணும்" என்றார். "நாளைக்குக் கார் வராதெண்டு."

இருட்டுவதற்குள் ஐந்து வீடுகளுக்கும் சைக்கிளில் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஏனோ அவர் அவ்வாறு செய்யவில்லை.

கழற்றிப் பார்த்தபோது கீழ் மூட்டினுள் புரியென்று சொல்லத்தக்கதாக ஓரத்தில் இரண்டு சுற்றுகளே எஞ்சியிருந்தன. மற்றவை கத்தி விளிம்புபோல் மெலிந்து வழுவழுப்பாகிக் கிடந்தன. மேலிருந்த றப்பர் வளையம் கிழிந்து, அதன் வழியே உள்ளே சென்ற மணலும் கிறீஸும் சேர்ந்து அரைக்கும் குழம்பாயிருந்தன. கிறீஸ் அடித்தால் போதும் என்று நாங்கள் நம்பியிருந்த காலமெல்லாம், கிழிந்த வளையம் அந்தக் கிறீஸையே அரைமருந்தாக மாற்றியிருந்தது.

புதிய மூட்டும் முளையும் கொழும்பிலிருந்து பேருந்தில் வந்து சேர ஐந்து நாட்கள் சென்றன. இடப்பக்கத்துப் புரியும் வலப்பக்கத்துப் புரியும் எதிரெதிரானவை. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது என்பதைத் தொலைபேசியில் மூன்று முறை வற்புறுத்தவேண்டியிருந்தது. இவ்விடத்தில் ஒன்று கூறத்தோன்றுகிறது. மொறிஸ் மைனருக்கான பாகங்கள் 1990களில் எமது நாட்டின் காலிப் பகுதியிலே கைவேலையாகச் செய்யப்பட்டு, இங்கிலாந்தில் அக்காரைப் பேணுவோருக்கு ஏற்றுமதியாயின. எங்கள் குடாநாட்டில் அதே கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தீவின் மறுமுனையில் அவற்றுக்கான உறுப்புகள் பிறந்து கப்பலேறிக்கொண்டிருந்தன. இரண்டுக்குமிடையே பாதை இருக்கவில்லை.

புதியதைப் பொருத்தும் வேலையை அப்பாவே செய்தார். நான் விளக்குப் பிடித்தேன். முளையை மூட்டினுள் முடிவுவரை திருகிவிட்டு, பின்னர் சிறிது திருப்பித் தளர்த்தவேண்டும். அவ்வாறு விடாவிட்டால் ஸ்ரியறிங்கை ஒருபக்கம் முழுதாகத் திருப்பும்போது புரி முட்டி இறுகிவிடும். எத்தனை தூரம் திருப்பவேண்டும் என்று கேட்டேன். சில்லை இருபக்கமும் முழுதாகத் திருப்பிக் காட்டி, இரண்டு பக்கமும் ஒரேயளவு இலேசாக வரும் இடம் என்றார். அதனை நான் பலமுறை செய்து பார்த்தும், அவர் கை கண்ட வேற்றுமையை என் கை காணவில்லை.

பரீட்சித்துப் பார்க்க ஒழுங்கையில் புறப்பட்டோம். வழக்கமாக வானொலியைப் போடுபவர் அன்று போடவில்லை. பழைய பள்ளங்கள் ஒவ்வொன்றையும் தேடித் தேடி இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் பின்னர் என்னை நோக்கித் திரும்பி, "கேக்குதோ?" என்றார். இல்லை என்றேன். சந்தி வரைக்கும் அவ்வாறே சென்றோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் இறங்கி உள்ளே போவார் என எதிர்பார்த்தேன். அவரோ டிக்கியிலிருந்து ஜக்கை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் சென்றார். தென்னங்குற்றிகளை மீண்டும் அடுக்கினோம். அலவாங்கை அவர் பிடித்துக்கொண்டு, விரலை மூட்டில் வைக்குமாறு என்னிடம் கூறினார். நெம்பியபோது என் விரல் நுனியில் மயிரிழையளவு அசைவு தெரிந்தது. மறுபடியும் நெம்பச் சொன்னேன். இருந்தது.

மறுநாட் காலை மீண்டும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தோம், இம்முறை வலப்பக்கத்துக்கு.